மீன் தொட்டிக்குப் பாறைச் சுவர்: முகப்பைவிட முதுகைக் கவனியுங்கள்

கேள்வி இதுதான். வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டில் 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் தொட்டி, அதில் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிப் பாறைகளில் வாழ்கிற வகையான எம்பூனா மீன்கள் 15. பின்பக்கக் கண்ணாடியில் பாறை மாதிரி புடைத்து நிற்கிற சுவர் வைக்க ஆசை. கடையில் விற்பது கட்டுப்படியாகவில்லை, தெர்மாகோலும் சிமெண்டும் வைத்துத் தானே செய்யப் போகிறார். தண்ணீரைப் பாதி இறக்கிவிட்டு மீன் உள்ளே இருக்கும்போதே ஒட்டலாமா, எந்தப் பசை போடுவது, சிமெண்ட் மீனைக் கொன்றுவிடாதா என்று கேட்கிறார்.

முதல் கேள்விக்கு உடனே பதில்: முடியாது தம்பி. தொட்டியை முழுதாகக் காலி செய்து, கழுவி, காயவைத்து, படுக்கப் போட்டுத்தான் ஒட்ட வேண்டும். மீன்களுக்கு ஒன்றரை மாதம் தங்க வேறு இடம் பார்த்துவிட்டுத்தான் வேலையில் இறங்க வேண்டும், அந்த இடம் இல்லையென்றால் கிடைக்கும்வரை தள்ளிப் போடுங்கள். ஒரு பழைய சின்டெக்ஸ் தொட்டியோ பெரிய பிளாஸ்டிக் டிரம்மோ போதும், ஆனால் இப்போது ஓடுகிற பில்டரை அப்படியே அதில் மாட்டி ஓடவிடுங்கள். பில்டர் பஞ்சில் வாழ்கிற நல்ல பாக்டீரியா செத்துப்போனால் சுவர் எவ்வளவு அழகாக வந்தாலும் திரும்ப விடும்போது மீன் தாங்காது.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், நான் முதன்முதலில் வைத்த சுவர் மூன்று மாதத்தில் மேலே வந்துவிட்டது. அப்போது என் கவனம் முழுக்க முகப்பில்தான் இருந்தது, எந்த மடிப்பில் கறுப்பு, எந்த விளிம்பில் வெள்ளை என்று ஒரு வாரம் தூரிகையும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். பின்பக்கம் எப்படி ஒட்டுகிறது என்று அரை மணி நேரம்கூட யோசிக்கவில்லை. பாசி படிந்திருந்த கண்ணாடியைத் துணியால் துடைத்துவிட்டு அங்கங்கே நாலைந்து பொட்டு சிலிக்கான் வைத்து அழுத்தினேன், அவ்வளவுதான். ஒருநாள் காலையில் பார்த்தால் ஒரு பக்கம் கண்ணாடியை விட்டு விலகிச் சாய்ந்து நிற்கிறது. பிடித்து இழுத்தேன், அழுகிய முட்டை நாற்றம் வீடு முழுக்க. பின்னால் ஒரு விரல் இடைவெளியில் மூன்று மாதக் கழிவும் மிச்சத் தீனியும் சேறாகப் படிந்திருந்தது, அதற்குள் வாயில் முட்டை வைத்திருந்த ஒரு பெண் மீன் மாட்டிச் செத்துக் கிடந்தது. எம்பூனா பெண் மீன் முட்டையை ஏறக்குறைய 3 வாரம் வாயிலேயே வைத்துப் பொரிக்கும், அந்த நாட்களில் மற்றவை துரத்தாத இருட்டுச் சந்தாகத் தேடிப் போகும். அப்படி ஒரு சந்தை நானே செய்து வைத்திருந்தேன். அன்றையிலிருந்து யார் கேட்டாலும் முதலில் முதுகைப் பற்றித்தான் பேசுகிறேன்.

இப்போது ஒரு கணக்கு போடலாம். உங்கள் தொட்டியின் பின்கண்ணாடி அளவுக்குச் சுவர் செய்தால் சுமார் 117 சென்டிமீட்டர் நீளம், 43 உயரம், சராசரியாக 5 சென்டிமீட்டர் கனம் என்று வையுங்கள். 25 லிட்டர் கொள்ளளவு வருகிறது. அத்தனையும் கருங்கல்லாக இருந்தால் 65 கிலோவுக்கு மேல் எடை. தெர்மாகோலாக இருந்தால் அரைக் கிலோகூட வராது. ஆனால் தண்ணீருக்குள் போனதும் 25 லிட்டர் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நிற்பதால் ஏறக்குறைய 25 கிலோ விசையோடு மேலே எழும்பப் பார்க்கும். ஒரு சிப்பம் அரிசியைத் தலைகீழாக நினைத்துப் பாருங்கள், அந்தப் பாரம் இரவும் பகலும் ஓயாமல் மேல்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். மேலே 3 மில்லிமீட்டர் சிமெண்ட் பூசினாலும் அதில் இரண்டு மூன்று கிலோதான் குறையும். பூச்சுப் பாரத்தில் உட்கார்ந்துவிடும் என்று நம்பி யாரும் ஒட்டாமல் விடக் கூடாது. இன்னொன்றும் இதிலேயே தெரிகிறது. உங்கள் தொட்டி விளிம்புவரை நிரப்பினால் 255 லிட்டர், அதில் 25 லிட்டர் இடத்தைச் சுவர் எடுத்துக்கொள்கிறது, கீழே கல்லும் மணலும் போட்டால் இன்னும் குறையும். 15 மீனுக்கு மேல் சேர்க்க நினைத்திருந்தால் வேண்டாம்.

முதுகு விஷயத்தில் இரண்டே வழிதான். ஒன்று, இம்மிகூடச் சந்து இல்லாமல் கண்ணாடியோடு முழுதாக ஒட்டுவது. இல்லையென்றால், பின்னால் தாராளமாக ஒரு கை நுழைகிற அளவு இடம் விட்டு, இரண்டு ஓரத்திலும் திறப்பு வைத்து, தண்ணீர் ஒரு பக்கம் போய் மறுபக்கம் வருகிற மாதிரி பம்பு வைப்பது. நான் செய்த விரல் கனச் சந்து இரண்டிலும் சேராது, அதுதான் ஆபத்து. ஒன்றரை அடி அகலத் தொட்டியில் பின்னால் ஒரு சாண் விட்டுக் கொடுக்க முடியாது, அதனால் உங்களுக்கு முழுதாக ஒட்டுவதையே சொல்வேன். பில்டர் குழாயையும் ஹீட்டரையும் மறைக்க வேண்டுமென்றால் ஒரு மூலையில் மட்டும் அரையடிக்குச் சுவர் இல்லாமல் வெறுமையாக விட்டு, அதன் முன்னால் தனியாக ஒரு பாறைத் துண்டை நிறுத்துங்கள், கையால் தூக்கி எடுக்கிற மாதிரி இருக்கட்டும். நம் ஊரில் ஹீட்டர் மார்கழி, தை ராத்திரிகளுக்குத்தான் தேவைப்படும். வெயில்காலம்தான் நமக்குச் சோதனை. 25 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேலே கரைகிற ஆக்சிஜன் 32 டிகிரியில் 7.3க்கு இறங்கிவிடும். அக்னி நட்சத்திரத்தில் நடுப்பகலுக்கு மேல் வேலூரில் எந்த வீட்டுத் தொட்டியும் 32ஐத் தொடும். அந்த நேரத்தில் எங்காவது ஓடாமல் தேங்கி நிற்கிற தண்ணீர் இருந்தால் அங்கே அழுகல் ஆரம்பித்துவிடும், அதற்காகவும்தான் சந்து வேண்டாம் என்கிறேன்.

சரி, செய்முறைக்கு வருவோம்.

தெர்மாகோல் அட்டை பெரும்பாலும் ஒரு மீட்டருக்கு அரை மீட்டர் அளவில் கிடைக்கிறது, 50 மில்லிமீட்டர் கனத்தில் கேளுங்கள். கையில் எடுத்து நகத்தால் அழுத்திப் பார்த்து, மணி மணியாக உதிராத கெட்டியான சரக்காக வாங்குங்கள். டிவி பெட்டியோடு வருகிற பேக்கிங் தெர்மாகோலும் ஆகும், புடைப்புகளுக்கு அது நன்றாகவே இருக்கும். அளவு எடுக்கும்போது தொட்டியின் உள்பக்கத்தை அளங்கள், பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் குறைத்து வெட்டுங்கள். தொட்டியின் மேல் விளிம்பில் உள்பக்கமாக ஒட்டியிருக்கும் கண்ணாடிப் பட்டியும் நடுவில் குறுக்கே போகிற பட்டியும் இருக்கிறதே, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், 4 அடிச் சுவரை முழுசாகச் செய்துவிட்டு உள்ளே இறக்க முடியாமல் முழிக்கிறார்கள். இரண்டு அல்லது மூன்று துண்டாகத்தான் செய்ய வேண்டும். இணைப்பை நேர்கோடாக வெட்டாமல் பாறை வெடிப்பு மாதிரி கோணல்மாணலாக வெட்டினால் பிறகு கண்ணுக்கே தெரியாது. இன்னொரு லாபம், சுவரின் மேல் முனை அந்தப் பின்பட்டிக்கு அடியில் போய் முட்டி நிற்கிற மாதிரி உயரம் வைத்தால் சிலிக்கானோடு சேர்ந்து பட்டியும் அதைப் பிடித்துக்கொள்ளும்.

செதுக்குவதற்கு முன்னால் ஒரு நாள் காலையில் வள்ளிமலைக்குப் போய் வாருங்கள், காட்பாடியிலிருந்து பக்கம்தானே. நான் இதை உண்மையாகவே சொல்கிறேன். இணையத்தில் பார்க்கிற படங்களை வைத்துச் செதுக்கினால் கேக் மாதிரி வரும். நம்மைச் சுற்றி இருப்பதெல்லாம் பாறை. அது எப்படிப் பிளக்கிறது என்று நின்று பாருங்கள். வெங்காயத் தோல் மாதிரி படலம் படலமாக உரிந்திருக்கும், வெடிப்புகள் பெரும்பாலும் இரண்டே திசையில் ஓடும், உருண்டை உருண்டையாக அடுக்கிய இடத்தில் கீழ்க்கல்லுக்கும் மேல்கல்லுக்கும் நடுவில் ஆழமான நிழல் இருக்கும், மழைத் தண்ணீர் வழிந்த தடம் மேலிருந்து கீழே கறுப்புப் பட்டையாக இறங்கும். தூரத்திலிருந்து ஒரே கறுப்பாகத் தெரிகிற பாறை பக்கத்தில் போனால் சாம்பல், இளஞ்சிவப்பு, நடுவே வெள்ளைக் கோடு என்று இருக்கும். போனில் கிட்டத்தில் வைத்துப் பத்துப் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள், அந்தப் பத்துப் படம் போதும்.

எம்பூனா என்ற பேருக்கே மலாவி ஏரிக்கரை டோங்கா மொழியில் பாறைமீன் என்றுதான் பொருள். ஆப்பிரிக்காவில் அந்த ஏரியில் பாறைக் கரையோரமாகவே இவை வாழ்கின்றன, கல் மேல் படர்கிற பாசியைச் சுரண்டித் தின்கின்றன. அதனால் உங்கள் சுவரில் ஆறு மாதத்தில் பச்சை படரும்போது தேய்த்துக் கழுவாதீர்கள், அது அவற்றுக்குத் தீனி. வெடிப்புகளை இரண்டு விதமாகச் செய்யுங்கள்: குஞ்சு மட்டும் நுழைகிற அரை சென்டிமீட்டர் வெடிப்பு கொஞ்சம், பெரிய மீன் நுழைந்து தாராளமாகத் திரும்பி வெளியே வருகிற குழி கொஞ்சம். நுழையலாம் ஆனால் திரும்ப முடியாது என்கிற அளவில் எதையும் விடாதீர்கள்.

வெட்டுவதற்கு பேப்பர் கட்டர், பழைய ரம்பப்பல் கத்தி. கத்தியால் வெட்டிய இடம் மழுமழுவென்று இருக்கும், அதனால் பாதி வெட்டி மீதியைக் கையால் பிய்த்து உடையுங்கள், உடைந்த முகம்தான் கல் மாதிரி இருக்கும். மணிமணியாகத் தெரிகிறதே என்று கவலை வேண்டாம், மூன்றாவது பூச்சில் மறைந்துவிடும். மெழுகுவத்தியோ ஹாட் கன்னோ காட்டி உருக்குகிறவர்கள் மொட்டைமாடியில் காற்றுப் போக்கில் நின்று செய்யுங்கள், அந்தப் புகை மூச்சுக்கு நல்லதில்லை. புடைப்புகளை ஒட்டும்போது சிலிக்கான் காயும்வரை நகராமல் இருக்க தென்னை விளக்குமாற்று ஈர்க்குச்சி நாலைக் குத்தி வையுங்கள், காய்ந்ததும் உருவிவிடலாம்.

பசைக்கு மீன் தொட்டி கட்டுகிறவர்கள் போடுகிற சிலிக்கான் ஒன்றுதான். பிழியும்போது வினிகர் வாசம் வரும். பாத்ரூமுக்கு என்று விற்கிற, பூஞ்சை பிடிக்காமல் மருந்து கலந்த சிலிக்கான் வேண்டாம், அந்த மருந்து மீனுக்கு விஷம். மரத்துக்குப் போடுகிற வெள்ளைப் பசை தண்ணீரில் ஊறிவிடும். செருப்புத் தைக்கிறவர்கள் வைத்திருக்கிற ரப்பர் பசை, தின்னர், ஸ்ப்ரே பெயிண்ட் எதுவும் தெர்மாகோலில் படக் கூடாது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அரித்துக் குழியாக்கிவிடும்.

சிமெண்ட் சாதாரண சாம்பல் சிமெண்டே போதும், மணல் தேவையில்லை. முதல் பூச்சு நீர்மோர் பதத்தில், தெர்மாகோலின் சந்துகளுக்குள் இறங்க வேண்டும் என்பதற்காக. அடுத்தடுத்த பூச்சு தோசைமாவு பதத்தில். மொத்தம் நான்கு. நிறத்துக்கு, தரைக்குப் போடுகிற காவி ஆக்சைடும் கறுப்பு ஆக்சைடும் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், 100 கிராம் சிமெண்டுக்கு 5 கிராமுக்கு மேல் போகாதீர்கள், கூடினால் பூச்சு பொடிந்து உதிரும். முதலில் இருட்டு நிறம், மேலே வரவர வெளிர் நிறம், கடைசிப் பூச்சை ஏறக்குறைய காய்ந்த தூரிகையால் புடைத்த இடங்களில் மட்டும் ஒற்றி எடுங்கள். சிமெண்ட் காய்ந்தால் வெளுக்கும், நனைந்தால் கறுக்கும், அதனால் ஒவ்வொரு தடவையும் தண்ணீர் தெளித்துப் பார்த்து நிறத்தை முடிவு செய்யுங்கள்.

மாடியில் வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயும் என்று நினைக்க வேண்டாம். சிமெண்ட் காய்ந்து கெட்டிப்படுகிற சரக்கு இல்லை, தண்ணீரோடு சேர்ந்து இறுகுகிற சரக்கு. நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்தில் ஈரம் போய் மயிரிழை வெடிப்பு விடும், அப்புறம் தண்ணீரில் போட்டதும் செதில் செதிலாக உரியும். நிழலில் வைத்து, ஈரக் கோணி போர்த்தி, கொத்தனார் சுவருக்குத் தண்ணீர் காட்டுகிற மாதிரி தினம் இரண்டு வேளை தெளித்து, ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் ஒரு நாள் விடுங்கள். ஓரிடத்திலும் வெறும் தெர்மாகோல் வெளியே தெரியக் கூடாது, எம்பூனாவுக்குச் சுரண்டுவதே வேலை, மணிகளைக் கொறித்து விழுங்கிவிடும்.

ஆனால் பின்பக்கத்தில் ஒரு துளி சிமெண்டும் படக் கூடாது. இது முக்கியம். வினிகர் வாசச் சிலிக்கான் கண்ணாடியைப் பிடிக்கிற மாதிரி சிமெண்டைப் பிடிக்காது. சிமெண்டில் இருக்கிற சுண்ணாம்பும் சிலிக்கானிலிருந்து வெளிவருகிற அமிலமும் சேர்ந்து நடுவில் ஒரு பொடிப் படலம் உண்டாகும், ஆறு மாதம் கழித்து அங்கேதான் விட்டுப்போகும். பூச ஆரம்பிக்கும் முன்பே முதுகில் பேப்பர் டேப் ஒட்டிவிட்டால் நிம்மதி. கண்ணாடியில் பழைய பாசி, உப்புக்கறை இருந்தால் பிளேடால் சுரண்டி, கழுவிக் காயவைத்து, மெடிக்கல் கடை ஸ்பிரிட்டால் இரண்டு தடவை துடைத்து, அதற்குப் பிறகு விரல் படாமல் பாருங்கள். பழைய சிலிக்கான் மேல் புதியது சரியாகப் பிடிக்காது, எனவே மூலைச் சிலிக்கானை நம்பாமல் வெறும் கண்ணாடியில் ஒட்டுங்கள்.

ஒட்டுகிற நாளன்று தொட்டியை முதுகு தரையில் படும்படி கனமான போர்வை மேல் படுக்கப் போடுங்கள். 8 மில்லிமீட்டர் கண்ணாடி என்றால் உங்கள் தொட்டி 40 கிலோவுக்கு மேல் இருக்கும், தனியாகத் தூக்காதீர்கள், வீட்டில் மாமாவோ மச்சானோ யாராவது ஒருவர் கூட இருக்கட்டும். சுவரின் முதுகில் விளிம்பிலிருந்து ஒரு அங்குலம் உள்ளே தள்ளி இரண்டு பக்கமும் அடியும் சிலிக்கானை அறுந்துபோகாத ஒரே கோடாக இழுங்கள், நடுவில் வளைந்து வளைந்து போகிற கோடுகள். முழுக்க மெழுகாதீர்கள். சிலிக்கான் காற்றிலிருக்கிற ஈரத்தை எடுத்துத்தான் கெட்டியாகிறது, இரண்டு பலகைக்கு நடுவில் மெழுகிவிட்டால் நடுப்பகுதி வாரக்கணக்கில் கூழாகவே இருக்கும். அதனால்தான் மேல் விளிம்பை நான் அன்று மூடுவதில்லை, ஒரு வாரம் திறந்து விட்டு அப்புறம் மூடுவேன். சித்திரை, வைகாசியில் காற்று வறண்டு கிடக்கும்போது தொட்டிக்குள்ளேயே ஓரமாக ஒரு ஈரத்துணியைப் போட்டு வைத்தால் உதவும். சுவரை இறக்கி, மேலே ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் பத்துப் பன்னிரண்டைப் பரப்பி வைத்து மூன்று நாள் யாரும் தொடாமல் இருக்க வேண்டும். அப்புறம் நிமிர்த்தி, பக்கங்களில் வெளியே தெரிகிற சந்தையெல்லாம் சிலிக்கானால் அடைத்து, இணைப்புகளில் கொஞ்சம் சிமெண்ட் தொட்டு மறைத்து, மொத்தம் பத்து நாள் விடுங்கள்.

அடுத்தது சிமெண்ட் மீனைக் கொல்லுமா என்ற கேள்வி. புது சிமெண்ட் கொல்லும். அதிலிருந்து கசிகிற சுண்ணாம்பு தண்ணீரின் பிஎச்சை, அதாவது அமில-கார அளவை, 11, 12 வரை ஏற்றிவிடும், எந்த மீனும் பிழைக்காது. தொட்டியை நிரப்பி, பம்பை ஓடவிட்டு, மூன்று நாளைக்கு ஒரு தடவை முழுத் தண்ணீரையும் மாற்றுங்கள். முதல் இரண்டு மூன்று தண்ணீரைச் செடிக்கு ஊற்றாமல் சாக்கடையில் விடுங்கள். சொட்டு மருந்து வைத்து பிஎச் பார்க்கிற கிட் வாங்கி, குழாய்த் தண்ணீரையும் தொட்டித் தண்ணீரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 48 மணி நேரம் நின்ற பிறகும் இரண்டும் ஒரே நிறம் காட்டினால் ஆயிற்று. மூன்று முதல் ஐந்து வாரம் ஆகலாம். உங்கள் மீன்களுக்கு ஒரு சாதகம் இருக்கிறது, மலாவி ஏரித் தண்ணீரே பிஎச் 7.7லிருந்து 8.6 வரை காரத்தன்மை கொண்டது, அதனால் சுவரிலிருந்து கொஞ்சமாகக் கசிகிற சுண்ணாம்பு அவற்றுக்குக் கெடுதல் இல்லை. இதே சுவரை, மென்மையான தண்ணீர் கேட்கிற டெட்ரா, டிஸ்கஸ் மீன்கள் வளர்க்கிற ஒருவர் கேட்டிருந்தால் சிமெண்டே வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். மென்மையான, அமிலம் கலந்த தண்ணீர் சிமெண்டையும் கரைக்கும், மீனையும் படுத்தும்.

நம் ஊர்த் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். போர் தண்ணீர் கடினமானது, அது எம்பூனாவுக்கு ஒத்துவரும். ஆனால் பாலாற்றங்கரையில் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் இருக்கிறவர்கள் இதை வாசித்தால் போர் தண்ணீரைப் பரிசோதிக்காமல் நிரப்பாதீர்கள். தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடியில் இறங்கி 1996ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புவரை போன விஷயம் அது, அந்த மண்ணில் உப்பும் குரோமியமும் இருக்கின்றன. காவிரித் தண்ணீர் வருகிற தெருவில் இருந்தால் குளோரின் போக மருந்து கலந்து ஊற்றுங்கள்.

மீனை விடும் முன் அடியில் நிஜக் கல் வைப்பதாக இருந்தால் முதலில் கல், பிறகு மணல். இவை தோண்டுகிற சாதி, மணல் மேல் கல்லை வைத்தால் அடியைத் தோண்டிச் சரித்துவிடும், அது சுவர் மேல் சாய்ந்தால் பூச்சு உடையும். பில்டரிலிருந்து வருகிற தண்ணீர் சுவரை ஒட்டி நீளவாக்கில் ஓடட்டும், குழிகளில் கழிவு தங்காது. ஒரு நாளைக்கு ஐந்து மீனாக மூன்று நாளில் விடுங்கள்.

விட்ட பிறகு முதல் இரண்டு மாதம் வாரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் மாற்றும்போது கையை உள்ளே விட்டுச் சுவரின் மேல் விளிம்பை நீளம் முழுக்க விரலால் மெதுவாக அழுத்திக்கொண்டே போங்கள். கல்லை அழுத்துகிற மாதிரி அசையாமல் இருக்க வேண்டும். எங்காவது லேசாக உள்வாங்கினால், அல்லது விளிம்பில் ஒரு காற்றுக் குமிழி வந்தால், அங்கே பிடிப்பு விட்டிருக்கிறது. அன்றைக்கே தண்ணீரை அந்த மட்டத்துக்குக் கீழே ஒரு சாண் இறக்கி, இரண்டு நாள் காயவைத்து, சிலிக்கான் போட்டு மூடிவிடுங்கள். அது கெட்டியாகிற மூன்று நாளும் இறக்கிய மட்டத்திலேயே பில்டர் ஓடுகிற மாதிரி, தண்ணீர் இழுக்கிற குழாயை இப்போதே சுவரின் பாதி உயரத்துக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள்.